எண்ணெய் துடைத்த துணி

என் கணவருக்குத் தச்சு வேலை சொல்லிக் கொடுத்தவர் ஒரு தாடிக்காரர். அவரை நாங்கள் நேரில் பார்த்ததே இல்லை. சனிக்கிழமை தவறாமல் டிவியில் வருவார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு "இப்போ என்ன பண்ணப் போறோம்னா..." என்று ஆரம்பிப்பார். நிகழ்ச்சி முடிவதற்குள் ஒரு மேஜை முளைத்துவிடும், இடையில் விளம்பரம் வேறு. முடிகிறவரைக்கும் இவர் வாயில் ஈ போவது தெரியாமல் உட்கார்ந்திருப்பார்.

காலமெல்லாம் தபால் பிரிக்கிற வேலையில் நின்றே தேய்ந்த மனிதர். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்ததும் பொழுது போகாமல் என் அடுப்படியில் மூக்கை நுழைத்தார். உப்பு டப்பாவை இடம் மாற்றினார். கரண்டிகளை உயர வாரியாக அடுக்கினார். பொறுக்க முடியாமல் நான்தான் "டிவியையாவது பார்த்துத் தொலைங்களேன்" என்று உட்கார வைத்தேன். வினையை நானே விலைக்கு வாங்கினேன். தாடிக்காரரைப் பிடித்துக்கொண்டார். பின்னாலேயே நூலகத்திலிருந்து தலையணை தலையணையாய்ப் புத்தகங்கள் வந்தன. ரம்பம் வந்தது, இழைப்புளி வந்தது, உளி வந்தது. ஆடுகிற முக்காலி ஒன்று வந்தது. அதில் உட்கார்ந்த என் தங்கை வீட்டுக்காரர் இன்றைக்கும் அதைப் பற்றி மரியாதையோடுதான் பேசுகிறார்.

இத்தனையும் நடப்பது எங்கள் மகளின் அறைக்கு வெளியே இருக்கும் பால்கனியில். மூன்றாவது மாடி, சின்ன வீடு, வேறு இடம் கிடையாது. மகளுக்கு விமான நிலையத்தில் பெட்டிகளைச் சோதிக்கும் வேலை, ராத்திரி ஷிப்ட். விடிந்த பிறகு வந்து குளித்துவிட்டுப் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள். காதில் ரப்பர் அடைப்பான், கண்ணில் கறுப்புத் துணி, போன் அணைத்து மேஜையில். அறைக்கு உள்தாழ்ப்பாள் வேறு. ஒரு நாள் நடுத்தூக்கத்தில் இவர் சுத்தியலோடு உள்ளே போய் "ஒரே ஒரு ஆணிம்மா, நீ தூங்கு" என்று சொன்ன நாளிலிருந்து அந்தத் தாழ்ப்பாளை அவள் மறப்பதில்லை. அவள் மேல் தப்பே சொல்ல மாட்டேன்.

அன்றைக்கு இவருக்குக் கண் பரிசோதனை. நான் ஒரு ஓட்டலில் அறைகள் சுத்தமாக இருக்கின்றனவா என்று பார்க்கும் சூப்பர்வைசர். லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். காலையில் மகள் வருவதற்கு முன்னாலேயே இவர் எழுந்து, அவளுக்காகச் செய்த சின்ன அலமாரிக்கு ஆளிவிதை எண்ணெய் பூசிவிட்டிருந்தார். தாடிக்காரர் அப்படித்தான் முடிப்பார். எண்ணெயைத் துணியில் நனைத்துப் பூசி, இன்னொரு துணியால் துடைத்தெடுப்பார். மரம் தேன் மாதிரி மினுங்கும். இவருடைய அலமாரியும் மினுங்கத்தான் செய்தது. கதவு மட்டும் மூடவில்லை.

கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டார்கள், காக்க வைத்தார்கள், மறுபடி விட்டார்கள், மறுபடி காக்க வைத்தார்கள். வெளியே வரும்போது பொழுது உச்சியைத் தாண்டிவிட்டது. இவருக்குக் கண்மணி விரிந்து, கிட்டத்தில் இருப்பது எதுவும் தெரியவில்லை. கறுப்புக் காகிதக் கண்ணாடி போட்டுக்கொண்டு என் தோளைப் பிடித்தபடி நடந்தார். அந்த நிலையிலும் ஹார்டுவேர் கடைக்குப் போயே ஆக வேண்டும் என்று அடம்.

"ரெண்டாவது பூச்சு போடணும். எண்ணெய் தீர்ந்துடுச்சு."

"கண்ணே தெரியலை, பூச்சு ஒண்ணுதான் கேடு."

"கடை வழியிலதானே இருக்கு?"

கடைக்காரர் ஒரு டின்னை எடுத்து மேஜையில் வைத்தார். இவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "அதே எண்ணெய்தானான்னு படிச்சுச் சொல்லு."

நான் சத்தமாகப் படித்தேன். கடையில் இரண்டு பேர் நின்றார்கள், அவர்களும் கேட்கட்டும் என்றுதான். "நன்றாகக் குலுக்கவும். காற்றோட்டமான இடத்தில் பயன்படுத்தவும். சிறு பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்கவும். கேட்டுக்கிட்டீங்களா, உங்களுக்கும் சேர்த்துத்தான் போட்டிருக்கான்." அவர்கள் சிரித்தார்கள். அதற்குக் கீழே சிவப்புக் கட்டம் ஒன்று இருந்தது. "இந்த எண்ணெயில் நனைந்த துணிகளைச் சுருட்டியோ குவித்தோ வைக்க வேண்டாம். அவை சில மணி நேரத்தில் தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைக்கவும், அல்லது தண்ணீரில் போடவும்."

இரண்டாம் தடவை படித்தேன். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"தாமாகவேன்னு போட்டிருக்கான்! தீக்குச்சிகூட வேண்டாமாம்! இதை உங்க தாடிக்காரர் என்னைக்காவது சொன்னாரா?"

இவர் யோசித்தார். "துணியைக் காட்டவே மாட்டாங்களே. துடைப்பார், தூக்கி ஓரமாப் போடுவார், உடனே விளம்பரம் வந்துடும். விளம்பரம் முடிஞ்சா மேஜை பளபளன்னு நிக்கும். துணி எங்கே போச்சுன்னு..."

"புத்தகத்துல?"

"முன்னாடி ஏதோ எச்சரிக்கைன்னு சில பக்கம் இருக்கும். அதையெல்லாம் யாரு படிக்கிறா? நேரா படம் போட்ட பக்கத்துக்குப் போயிடுவேன்."

"சும்மா எழுதலம்மா, நிஜம்தான்" என்றார் கடைக்காரர். "எங்ககிட்ட வாங்கின ஒருத்தர் ஷெட்டே எரிஞ்சு போச்சு. துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில போட்டிருக்கார்."

நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டேன். ஓட்டலில் ஒரு துண்டு காணாமல் போனால் நிற்கிற நிலை அது. "காலையில துடைச்ச துணியெல்லாம் எங்கே?"

இவர் சாவகாசமாகச் சிரித்தார். "எதுக்கு இந்தக் குதி குதிக்கிறே? பால்கனிக் கம்பியில ஒவ்வொண்ணா விரிச்சுத்தான் போட்டிருக்கேன். காஞ்சா அடுத்த தடவைக்கு ஆகுமேன்னு போட்டேன். பார்த்தியா, தெரியாம செஞ்சாலும் சரியாத்தான் செஞ்சிருக்கேன்."

அந்தத் துணிகள் கம்பியில் இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் அவற்றை எடுத்துவிட்டேன்.

காலையில் மகள் குளிக்கப் போயிருந்தாள். நான் பால்கனியை எட்டிப் பார்த்தேன். கம்பி முழுக்க மஞ்சள் மஞ்சளாய்க் கந்தல், தரையெல்லாம் மரச்சீவல். கீழ்வீட்டு டெய்லர் முந்தின நாள்தான் படியில் நிறுத்திவைத்துச் சொல்லியிருந்தார், சீவல் பறந்து வந்து தைத்து வைத்த துணியில் ஒட்டுகிறது என்று. எனக்குச் சுள்ளென்று ஏறியது. நாள் பூராவும் ஊரான் அறையைச் சுத்தம் பார்க்கிறவள் வீடு இந்த லட்சணத்திலா என்று கந்தலையெல்லாம் உருவிச் சுருட்டி ஓர் அட்டைப்பெட்டியில் திணித்தேன். அதன் மேல் சீவலை அள்ளிக் கொட்டினேன். இன்னும் கொஞ்சம் கந்தல், இன்னும் கொஞ்சம் சீவல். நன்றாக அமுக்கினேன். காற்றடித்தால் மறுபடி பறக்குமே என்று பெட்டியை உள்ளே இழுத்து, மகளின் கட்டிலுக்கும் பால்கனிக் கதவுக்கும் நடுவே, திரைக்குப் பின்னால் தள்ளினேன். பால்கனிக் கதவைச் சாத்தினேன். கை கழுவும்போது எனக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது.

"என்னங்க" என்றேன்.

"ம்?"

"அதை நான் எடுத்துட்டேன்."

"எதை?"

சொன்னேன். சீவலையும் சொன்னேன். திரையையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்தக் காகிதக் கண்ணாடிக்குக் கீழே அவர் முகம் சாம்பல் பூத்தது. கத்துவார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் கடையே இரண்டுபட்டிருக்கும். அவர் கையை நீட்டிக் காற்றில் என் தோளைத் தேடினார்.

"வா. போலாம்."

டின் மேஜையிலேயே இருந்தது.

டாக்சியில் ஏறியதும் மகளுக்குப் போன் போட்டேன். அணைத்திருக்கிறது. அணைத்திருக்கும் என்று தெரியும், இருந்தும் போட்டேன், மறுபடியும் போட்டேன். அந்தப் பதிவு செய்த குரல் ஒவ்வொரு தடவையும் அதே மரியாதையோடு சொன்னதையே சொன்னது.

"தீயணைப்புக்குப் போடு" என்றார் இவர்.

எடுத்தது ஒரு பெண். விலாசம் கேட்டாள், சொன்னேன். "எவ்வளவு புகை வருதும்மா?"

"தெரியலைங்க. நாங்க வீட்டுல இல்லை."

"தீ தெரியுதா?"

"அதான், நாங்க வீட்டுல இல்லையே. பொண்ணு தூங்குறா."

"அப்போ தீன்னு எப்படித் தெரியும்?"

"டின்னுல போட்டிருந்துச்சுங்க."

எனக்கே கேட்க எப்படியோ இருந்தது. ஆனால் அந்தப் பெண் சிரிக்கவில்லை. என்ன எண்ணெய் என்று கேட்டாள். சொன்னதும் அவள் குரல் மாறியதுதான் என்னை முழுசாகக் கலக்கியது. "வண்டி அனுப்புறோம். நீங்க முன்னாடி போய்ச் சேர்ந்தீங்கன்னா, கதவைத் தொட்டுப் பாருங்க, புறங்கையால. சூடா இருந்தா திறக்கவே திறக்காதீங்க. நாங்க வர்ற வரைக்கும் நில்லுங்க. புரியுதா?"

புரிகிறது என்றேன். உள்ளே என் பிள்ளை இருக்கும்போது வெளியே நில் என்கிறாள். அது எனக்கு எப்படிப் புரியும்?

சாலையில் ஏதோ குழாய்க்குத் தோண்டி வைத்திருந்தார்கள். ஒற்றை வரிசையாக வண்டிகள் நத்தையாய் ஊர்ந்தன. "கொஞ்சம் சீக்கிரம் போங்க தம்பி" என்றேன். "பறக்கிற மாதிரி வண்டி இன்னும் வரலைங்க" என்றான் டிரைவர். இன்னொரு நாளாக இருந்தால் அவனுக்குத் தக்க பதில் கொடுத்திருப்பேன். அன்றைக்கு இவர்தான் அவன் பக்கமாகக் குனிந்து மெதுவாகச் சொன்னார், "வீட்டுல பொண்ணு இருக்காப்பா. தீப்பிடிச்சிருக்குமோன்னு பயமா இருக்கு." அதற்குப் பிறகு அவன் நடைபாதையில் ஒரு சக்கரத்தை ஏற்றி நான்கு வண்டிகளைத் தாண்டினான்.

கீழ்வீட்டு டெய்லரைக் கூப்பிட்டேன். மேலே போய்க் கதவைத் தட்டச் சொன்னேன். காரணம் சொன்னதும் மனிதர் பாவம், போனைக் காதில் வைத்தபடியே படி ஏறினார். மூச்சு வாங்குவது கேட்டது. வாசல் கதவை அவர் அறைந்தது எனக்கு இங்கே டாக்சிக்குள் அதிர்ந்தது. "பாப்பா! பாப்பா!" என்று கத்தினார். அப்புறம் சும்மா இருந்தார்.

"என்னங்க ஆச்சு? சொல்லுங்க!"

"ஒண்ணும் சத்தம் இல்லை. ஆனா..." இழுத்தார். "ஏதோ எண்ணெய் தீயுற வாசனை வருதும்மா. அடுப்புல எதையாவது மறந்து வெச்சுட்டுப் போனீங்களா?"

போன் என் மடியில் விழுந்தது. இவர் என் பக்கம் திரும்பி "என்ன சொல்றார்? என்னன்னு சொல்லேன்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் அவர் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். என் கை அவ்வளவு குளிர்ந்து போயிருக்க வேண்டும், அதைத் தொட்டதும் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

மூன்று மாடியை எப்படி ஏறினேன் என்று கேட்காதீர்கள். இவர் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு என் பின்னாலேயே வந்தார், ஒரு தடவை முழங்காலில் விழுந்து எழுந்தார். டெய்லர் வாசலில் நின்றார். சாவி துவாரத்தில் போக மாட்டேன் என்றது. அவர் வாங்கித் திறந்தார்.

உள்ளே கூடம் எப்போதும் போல் இருந்தது. மேஜை, நாற்காலி, காலையில் நான் மடித்து வைத்த போர்வை. வாசனை மட்டும் தொண்டையைக் கவ்வியது. மகளின் அறைக் கதவின் அடியில் பார்த்தேன். மெல்லிசாக, நூல் மாதிரி புகை. நான் கதவை இரண்டு கையாலும் அறைந்தேன். அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். கத்திக் கத்தித் தொண்டை கிழிந்ததே தவிர உள்ளேயிருந்து ஓர் அசைவு இல்லை.

புறங்கையை வைத்துப் பார்த்தேன். சூடா, இல்லையா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் கையில்தான் ரத்தமே இல்லையே, எது சூடு எது குளிர் என்று அது எப்படிச் சொல்லும்?

டெய்லர் தோளால் மோதினார். பழைய கட்டடத்துக் கதவு, கெட்டி மரம், அசையவில்லை. இவர் அவரை விலக்கினார்.

"கதவு கூடத்துப் பக்கம் திறக்குது. கீல் இந்தப் பக்கம்தான் இருக்கு. கீல்ல செருகியிருக்கிற கம்பியை அடிச்சு எடுத்துட்டா கதவு தானா வந்துடும். சார், சமையலறை மூலையில என் பெட்டி இருக்கு, கொண்டு வாங்க."

டெய்லர் கொண்டு வந்தார். இவர் ஒரு கையில் உளியும் இன்னொரு கையில் சுத்தியலுமாய்க் கதவுக்கு முன்னால் மண்டியிட்டார். காகிதக் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தார். உளி முனை கீலைத் தேடி மரத்தைக் கீறியது. மறுபடி கீறியது. அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"எல்லாம் கலங்கலா இருக்கே. எனக்குத் தெரியலையே..."

நான் உளியை அவர் கையிலிருந்து வாங்கினேன். கீலின் அடியில் கம்பி நுனிக்கு நேராக வைத்து இரண்டு கையாலும் பிடித்தேன். "வெச்சிருக்கேன். கீழேயிருந்து மேலே அடிங்க."

"உன் விரல் இருக்கேம்மா."

"விரல் கிடக்கட்டும். அடிங்க!"

அவர் இடது கையால் என் கையைத் தடவி, உளியின் தலை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டார். அடித்தார். ஆணியை விட்டுத் தன் கட்டைவிரலையே அதிகம் அடித்துப் பழகிய மனிதர். முதல் அடி சரியாக விழுந்தது. இரண்டாவது என் விரல் முட்டியில் விழுந்தது. நான் சத்தம் போடவில்லை, போட்டால் நிறுத்திவிடுவார். "அடிங்க, வருது, அடிங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கம்பி மேலே எம்பியது, பிடுங்கி எறிந்தேன். அடுத்த கீல். அதற்கடுத்தது துருப்பிடித்திருந்தது. அதை அவர் அடித்த அடிகளை நான் இன்னும் கனவில் கேட்கிறேன். அதற்குள் புகை நூலாக இல்லை, கயிறாக வந்துகொண்டிருந்தது.

டெய்லரும் நானும் கதவைக் கீல் பக்கம் பிடித்து இழுத்தோம். அது தாழ்ப்பாளோடு முனகிக்கொண்டு சாய்ந்து விழுந்தது.

அறை முழுக்கப் பழுப்பாய்ப் புகை தொங்கியது. திரையின் அடிப்பாகம் கருகி, ஓரத்தில் சிவப்பாய் ஒரு கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது. பெட்டியின் ஒரு பக்கம் கறுத்து உள்வாங்கியிருந்தது. இத்தனைக்கும் நடுவே என் மகள் சுவர்ப் பக்கம் திரும்பி, கண்ணில் கறுப்புத் துணியோடு படுத்திருந்தாள். ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது.

தோளைப் பிடித்து உலுக்கினேன். அவள் எழுந்திருக்கவில்லை. தலை மட்டும் துவண்டு ஆடியது. அந்தக் கணத்தில் எனக்குள் என்ன நடந்தது என்று எழுத எனக்குத் திராணி இல்லை. கக்கத்தில் கை கொடுத்து இழுத்தேன், டெய்லர் காலைப் பிடித்தார், கூடத்துத் தரையில் கொண்டுவந்து போட்டோம். கன்னத்தில் அறைந்தேன். அவள் இருமினாள். இருமி, கண்ணில் இருந்த துணியைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்னம்மா... அதுக்குள்ளயே சாயங்காலம் ஆயிடுச்சா?"

இதற்குள் இவர் உள்ளே போயிருந்தார். கண்ணால் அல்ல, சூட்டை வைத்தே பெட்டியைக் கண்டுபிடித்திருக்கிறார். அதை வெறும் கையால் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு குளியலறைக்குள் ஓடினார். போகும் வழியில்தான் அது பளீரென்று பற்றியது. குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தமும், உஸ்ஸென்று ஒரு சீறலும் கேட்டன. டெய்லர் திரையைப் பிய்த்துக் காலால் மிதித்தார்.

தீயணைப்பு வண்டி வந்தபோது அணைக்க எதுவும் பாக்கியில்லை. வந்த அதிகாரி அறையைச் சுற்றிப் பார்த்தார், ஜன்னல்களைத் திறந்தார், மகளின் கண்ணையும் மூச்சையும் தன் ஆளை விட்டுப் பார்க்கச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள், ஆனால் பயப்பட ஒன்றும் இல்லை என்றார். அப்புறம் குளியலறையில் உட்கார்ந்து ஒரு குச்சியால் அந்தக் கரிக்குழம்பைக் கிளறினார். இவர் பக்கத்திலேயே இரண்டு கையையும் வாளித் தண்ணீரில் விட்டபடி உட்கார்ந்திருந்தார். உள்ளங்கை இரண்டும் கொப்பளித்திருந்தன.

"இன்னும் கொஞ்ச நேரம் ஆகியிருந்தா திரை, திரையிலேருந்து மெத்தை" என்றார் அதிகாரி. "பொண்ணு முழிச்சே இருக்காது. தீ கிட்ட வர வேண்டியதே இல்லை, இந்தப் புகையே போதும்." வெளியே வந்து எங்கள் எல்லோரையும் பொதுவாகப் பார்த்தார். "இப்படிச் சுருட்டி அமுக்கி வெச்சது யாரு?"

"நான்தான் சார்" என்றார் இவர், உள்ளேயிருந்து. தன் பெயரைச் சொல்கிற மாதிரி அவ்வளவு சுலபமாகச் சொன்னார். "டிவி பார்த்துப் பழகுறேன். தெரியாம பண்ணிட்டேன்."

நான் தரையில் மகளின் காலடியில் உட்கார்ந்திருந்தேன். அவள் முழித்த நேரத்திலிருந்து அவள் பாதத்தைப் பிடித்தவள் விடவே இல்லை. விட்டால் ஏதாவது ஆகிவிடும் போல் இருந்தது. அவள் என் தோளைத் தட்டினாள்.

"அம்மா, ப்ளீஸ். இன்னைக்கு ஒரு நாள் அப்பாவைத் திட்டாதே. பாவம், கையைப் பாரு."

"நான்தான் வெச்சேன்" என்றேன்.

அவள் முகத்தைச் சுளித்தாள். "பார்த்தீங்களா சார், இப்படித்தான். நேரா திட்ட மாட்டாங்க, குத்திக் காட்டியே கொல்லுவாங்க."

டெய்லர்கூட லேசாகச் சிரித்தார். அதிகாரி எதையோ குறித்துக்கொண்டு, "விடுங்கம்மா, வயசான காலத்துல ஏதோ ஆசைப்படுறார்" என்றார்.

"அவ சும்மா சொல்றா சார்" என்றார் இவர்.

"சும்மா சொல்லலை. நான்தான் கம்பியிலேருந்து எடுத்தேன். நான்தான் சுருட்டினேன். இவ கட்டிலுக்குப் பக்கத்துல கொண்டு வந்து வெச்சது நான்தான்." என் குரலில் எப்போதும் இருக்கிற அதே காரம் எனக்கே கேட்டது. இத்தனை வருஷமும் நான் சொன்ன எதையும் இந்த வீட்டில் இந்தக் குரலில்தான் சொல்லியிருக்கிறேன், வேறு குரல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

"சரிம்மா, புரிஞ்சுடுச்சு, போதும்" என்றாள் மகள்.

மறுபடியும் சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது, அடிவயிற்றிலிருந்து, அசிங்கமாக, மூக்கு ஒழுக. நான் அழுது அவள் பார்த்ததில்லை. அவள் முகச்சுளிப்பு மறைந்தது. குளியலறைப் பக்கம் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு வாளிக்குள் தன் கைகளையே பார்த்தார். அவள் அறையைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், அதன் பக்கத்தில் தரையில் சதுரமாகக் கறுத்திருந்த இடத்தைப் பார்த்தாள்.

"அம்மா... நிஜமாவா?"

"ஆமா."

அவள் வேண்டுமென்று செய்திருக்க மாட்டாள், அதை நான் அடித்துச் சொல்வேன். என் கையிலிருந்த பாதத்தை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டாள்.